தட்டிக்கொடுக்கும் கை

லாயத்தில் அவருக்குப் பெயர் நிதானம். வைத்தவர் யாரென்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் பொருத்தமான பெயர் என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. கூரை ஒழுகி வைக்கோல் நனைந்தால் எல்லோரும் ஓடுவார்கள், இவர் வாளியோடு நடந்து வருவார். குதிரை உதைத்து ஒருத்தர் விழுந்து கிடந்தால் எல்லோரும் விழுந்தவரைச் சுற்றி நிற்பார்கள், இவர் முதலில் போய்க் குதிரையைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவார். "மனுஷனை முதல்ல தூக்க மாட்டீங்களாண்ணே?" என்று லாடம் அடிப்பவர் ஒருமுறை கேட்டதற்கு, "அவரால எந்திரிச்சு ஓட முடியாதுல்ல, குதிரையால முடியும்" என்றார்.

அவர் குதிரைகளோடு வளர்ந்தவர் இல்லை. வாலிப வயதில் ஒரு அச்சகத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். அச்சகத்தை மூடியதும், லாயத்துக்குப் புல்கட்டு ஏற்றிவரும் வண்டியில் தொற்றிக்கொண்டார். ஒரு காலையில் சவாரிக்காரர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட, புல் இறக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு ஒரு குதிரைமேல் ஏற்றிவிட்டார் பழைய முதலாளி. "விழறதா இருந்தா புல்லு பக்கமா விழுப்பா" என்று வழியும் சொன்னார். விழவில்லை. முப்பது வருஷமாகிறது, இன்னும் இறங்கவுமில்லை. பழைய முதலாளி போய் அவர் மகள் முதலாளியம்மா ஆகிவிட்டார். லாயத்துக்கு வரும் புதுக் குதிரையை முதலில் பழக்குவது இன்றைக்கும் நிதானம்தான்.

ஒரே ஒரு குறை, பேச்சு வராது. சாதாரண நாளில் சமாளித்துவிடுவார். நெருக்கடி என்று வந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய் செய்யவேண்டியதைக் கை செய்யும். மனிதராக இருந்தால் தோளில் இரண்டு தட்டு, குதிரையாக இருந்தால் கழுத்தில் இரண்டு தட்டு. தட்டிக்கொடுத்துவிட்டால் மனசில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்ட மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி.

இந்தக் கதை அந்தத் தட்டலைப் பற்றியதுதான்.

லாயத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெண்குதிரை இருந்தது. எல்லோரும் அதைத் தீக்குச்சி என்பார்கள். நிதானம் மட்டும் பாப்பா என்பார். லாயத்துக்குள்ளே மணல் போட்ட களத்தில் சவாரி கற்க வரும் குழந்தைகளுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். அது அவ்வளவு சாது. ஒரு குழந்தை அதன்மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், அது விழுந்துவிடக்கூடாது என்று பாப்பா நடையைக் குறைத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நம்பலாம்.

பின்கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தால் அதே குதிரைக்கு வேறு முகம். முதலில் காது இரண்டும் விறைக்கும். அப்புறம் கழுத்து மேலே ஏறும். நடை நடையாக இருக்காது, நேராகப் போகவேண்டியது பக்கவாட்டில் துள்ளும். வாயில் நுரை. ஒரு லாரி வந்துவிட்டால் போதும், பின்னங்கால்களை மடக்கி, இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றி, வீட்டைப் பார்த்து நிற்கும். பிளாஸ்டிக் பை பறந்தாலும் சரி, தகரக் கடையில் சுத்தியல் விழுந்தாலும் சரி, எல்லாம் லாரிக்குத் தம்பிதான். "பத்த வைக்கவே வேணாம்ணே, பெட்டியைக் காட்டினாலே போதும்" என்பார் லாடக்காரர். தீக்குச்சி என்று பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான்.

இதெல்லாம் அதுவரைக்கும் பெரிய விஷயமாக இல்லை. பாப்பா களத்துக்குள்ளேயே இருந்தது, ரோட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் நிதானம் ஏறிப்போவார், அதுவும் பழக்கம் விட்டுப்போகக்கூடாதே என்பதற்காக. அந்த வருஷம்தான் களத்தின் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். கிடங்கு கட்டப்போகிறார்களாம். லாயமும் கொட்டகையும் மிஞ்சும், களம் போய்விடும். இனி எல்லாச் சவாரியும் ஆற்றங்கரை மைதானத்தில்தான். அங்கே போக வழி ஒன்றுதான். பட்டறைகள் இருக்கும் சந்து, பெரிய ரோடு, டயர் கடை, சிமெண்ட் கிடங்கு, பாலம். சிமெண்ட் கிடங்குக்கு லாரி வந்தபடியே இருக்கும்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நிதானம், ரோட்டுல போக முடியாத குதிரையை நான் எங்க வச்சுக்குவேன், சொல்லுங்க. களத்தைச் சுத்திச் சுவர் எழும்புறதுக்குள்ள தீக்குச்சியைச் சரி பண்ணுங்க. முடியலன்னா தரகருக்குத்தான் போன் பண்ணணும்."

தரகர் என்றால் என்ன என்று லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். வேறு யாரும் வாங்காத குதிரையை வாங்குகிற ஆள். எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டால் சிரிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செம்பட்டை என்ற குதிரையை இப்படித்தான் கொண்டுபோனார். அதற்கும் இதே வியாதி, ரோட்டைக் கண்டால் மிரளும். தரகரின் வண்டியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தபோது நிதானம் பக்கத்தில் போய்க் கழுத்தில் தட்டிக்கொடுத்தார். அது பின்னங்காலில் எழும்பி நின்றுவிட்டது. நாலு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். அன்றைக்கு நிதானம் சாப்பிடவில்லை.

ஆகவே பாப்பாவுக்காக அவர் செய்யாத வைத்தியம் இல்லை. தானியம் சாப்பிட்டுத்தான் திமிர் என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டுத் தானியத்தைக் குறைத்து வெறும் புல் போட்டார். பாப்பா இளைத்தது, மிரட்சி இளைக்கவில்லை. காதில் பஞ்சு வைத்தார். அது தலையை உதறி உதறிப் பஞ்சை லாடக்காரர் டீ டம்ளரில் போட்டது. கண்ணுக்குப் பக்கத்தில் மறைப்பு கட்டினார். தெரியாதது இன்னும் பெரிதாகத் தெரிந்ததோ என்னவோ, மிரட்சி இரட்டிப்பாயிற்று. லாயத்திலேயே மூத்த கிழட்டுக் குதிரையை முன்னால் விட்டு, அதன் வாலைப் பார்த்துக்கொண்டே வரட்டும் என்று பின்னால் போனார். கிழடு தேமே என்று பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது, இவர் டயர் கடை வாசலில் சுற்றிக்கொண்டிருந்தார். மாட்டு டாக்டர் வந்து கண், பல், முதுகு எல்லாம் பார்த்து, "உடம்புல ஒரு குறையும் இல்லீங்க, மனசுலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லத் தெரிந்தவருக்கு அதற்கு மருந்து சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் நிதானத்தின் கவனத்தைக் குறை சொல்ல முடியாது. குதிரைமேல் உட்கார்ந்தவருக்கு ரோடு வெகுதூரம் தெரியும். பாப்பா பார்ப்பதற்கு முன்பே வளைவில் திரும்பும் லாரியை அவர் பார்த்துவிடுவார். பார்த்த கணமே கை கழுத்துக்குப் போகும். இரண்டு தட்டு. பயப்படாதே, நான் இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் பாப்பாவின் காது விறைக்கும். "பாருங்க, எவ்வளவு மோப்பம். லாரி இன்னும் வளைவுலயே இருக்கு, அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று அவரே மற்றவர்களிடம் அதிசயப்பட்டிருக்கிறார். யாரும் அவரைத் திருத்தவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

களத்தின் மூன்று பக்கமும் சுவர் எழும்பிவிட்டது. நாலாவது பக்கத்துக்குச் செங்கல் வந்து இறங்கிய நாளில்தான் அது நடந்தது. டயர் கடைக்கு எதிரே, காலை நேரம், சிமெண்ட் லாரி ஒன்று வளைவில் திரும்பியது. இரண்டு தட்டு. பாப்பா சுற்றியது. இந்தத் தடவை சுற்றி நிற்கவில்லை, பின்னாலேயே நகர்ந்து நடைபாதைமேல் ஏறிவிட்டது. அங்கே ஒரு பெண், குழந்தை வைத்துத் தள்ளும் வண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பாப்பாவின் பின்பக்கம் இடித்ததில் தள்ளுவண்டி கவிழ்ந்தது. அந்தப் பெண் போட்ட அலறலில் ரோடே நின்றுவிட்டது. நிதானத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது.

வண்டியிலிருந்து வெங்காயம் உருண்டது. ரோடு முழுக்க வெங்காயம். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டதாம், வண்டியை அவள் கடைக்குப் போக வைத்திருக்கிறாளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் கடைசியில் சிரித்தாள். நிதானம் குனிந்து வெங்காயம் பொறுக்கினார். ஒரு கையில் கடிவாள வார், ஒரு கையில் வெங்காயம்.

பின்னால் காரில் வந்த முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"உள்ள குழந்தை இருந்திருந்தா?" என்றார்.

நிதானம் இன்னொரு வெங்காயத்தைப் பொறுக்கினார்.

"இந்த வாரக் கடைசியில தரகர் வர்றார். என்னை மன்னிச்சுக்குங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக் கடையில் பகல் முழுக்கத் தேய்த்துவிட்டு, வீட்டுக்கும் ஒரு மூட்டை எடுத்து வருவாள். ஒரே அறைதான் அவர்களுக்கு எல்லாம். ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் போர்வை மடித்துப் போட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து மகளின் கட்டில்மேல் முழுக்க யாருடைய சட்டைகளோ.

அவர் பின்னால் போய் நின்றார். சொல்லவேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவள் திரும்பவில்லை. முதலில் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"தோள்ல தட்டினீங்களே!"

"தட்டினா?"

"தட்டினா என்னவா? எங்கப்பா போன சேதி வந்தப்ப தட்டினீங்க. அச்சகத்தை மூடினப்ப தட்டினீங்க. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னப்ப தட்டினீங்க. நம்ம பொண்ணு கீழ விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு வந்தப்ப அவளைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னுக்கிட்டு என்னைத் தட்டினீங்க. நல்ல சேதிக்கு என்னைக்காவது தட்டியிருக்கீங்களா நீங்க? உங்க கை தோள்ல பட்டாலே ஏதோ கெட்ட சேதின்னு ஆயிடுச்சு. அதான் முதல்ல பிளக்கைப் பிடுங்கிடறேன். ஒரு தடவை அப்படியே நின்னு ஒரு வக்கீல் சட்டையைத் தீய்ச்சிட்டேன், ஞாபகம் இருக்கா?"

அவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவர் சிரிப்பு நின்றுபோனது.

"நான் தட்டுறதுக்கு முன்னாடி நீ பயப்படலையா?"

"எதுக்குப் பயப்படணும்? நான் பாட்டுக்குத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் மகளின் கட்டிலில், யாருடையவோ சட்டைகள்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் சட்டையை உருவப் பார்த்தாள், அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் லாயத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போனார். பாப்பா தொட்டியில் முகத்தை வைத்து மென்றுகொண்டிருந்தது. வெளியே ஒரு சத்தமில்லை. லாயத்துக்குள் அவர் அதைத் தேய்த்துவிடுவார், பிடரியில் விரல்விட்டுக் கோதுவார், நெற்றியைச் சொறிந்துவிடுவார். கழுத்தில் தட்டியதே இல்லை, உள்ளே அதற்கு அவசியம் வந்ததில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றார். கையைத் தூக்கினார். தப்பாக இருக்கவேண்டும், நான் நினைத்தது தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மெல்லுவது நின்றது. தலை தூக்கிக்கொண்டது. காது இரண்டும் விறைத்தன. மூக்கு விரிந்து, கண் வெள்ளை தெரிய, பாப்பா கதவைப் பார்த்தது. அந்த வழியாக லாரி வரப்போகிறது என்று பார்த்தது. தோல் முழுக்க நடுங்கியது.

லாரியைக் கண்டு அது மிரளவில்லை. லாரி வருவதற்கு முன்னால் வரும் அவர் கையைக் கண்டு மிரண்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் தட்டு, அடுத்து லாரி. தட்டு, லாரி. குதிரைக்கு எது புரியுமோ அது நன்றாகப் புரிந்துவிட்டது. பயப்படாதே என்று அவர் சொல்லச்சொல்ல, அது பயப்படக் கற்றுக்கொண்டிருக்கிறது. வாத்தியார் அவர்.

"அடப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அழுகையும் வந்தது, அழுதார்.

தெரிந்துவிட்டதல்லவா, இனி தட்டாமல் இருந்தால் ஆயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார். தரகர் வருவதற்கு இன்னும் சில காலைகள் இருந்தன. முதல் காலை, தட்டக்கூடாது, தட்டக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். வளைவில் லாரியைப் பார்த்ததும் கை கழுத்தில் இருந்தது. எப்போது போனது என்றே தெரியவில்லை. பாப்பா சுற்றியது.

அடுத்த காலை வலது கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார், கை நிறைந்திருந்தால் தட்ட முடியாதே என்று. லாரி வந்தது. பாட்டிலை அவர் பிழிந்த பிழியில் மூடி தெறித்துத் தண்ணீர் பாப்பாவின் காதுக்குள் பீய்ச்சியடித்தது. அதன்பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

அதற்கடுத்த காலை கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். கை உள்ளேயே கிடந்தது. ஆனால் தொடை இறுகியது. குதிரைக்காரன் தொடை இறுகினால் குதிரைக்குக் கடிதம் வேண்டாம். தொடையைத் தளர்த்த முயன்றார், மூச்சு நின்றது. மூச்சை விட்டார், முதுகு விறைத்தது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகியது. அப்போதுதான், டயர் கடை வாசலில், வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்த குதிரைமேல் உட்கார்ந்தபடி, அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. லாரிக்குப் பயந்தது அவர். முதல் நாள் புல்கட்டுக்குப் பக்கத்தில் ஏறிய நாளிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு லாரிக்கும் பயந்திருக்கிறார். பெயர் நிதானம். ஊரே நம்பியது, அவரும் நம்பிவிட்டார். நம்பாதது குதிரை ஒன்றுதான்.

நேராக முதலாளியம்மாவிடம் போனார். சொல்லவேண்டியதை இந்தத் தடவை வாயால்தான் சொல்லவேண்டும்.

"அம்மா, பாப்பாகிட்ட ஒரு தப்பும் இல்ல. தப்பு என்கிட்டதான். நான் ஏறாம வேற யாராவது ஏறட்டும். ஒரே ஒரு தடவை. அப்புறம் தரகரைக் கூப்பிடுங்க."

"நீங்க முப்பது வருஷமா ஓட்டறீங்க, நிதானம்."

"அதாம்மா எனக்குப் பயமா இருக்கு."

அவர் பார்த்த பார்வையில் முதலாளியம்மா மேலே கேட்கவில்லை. ஆனால் யார் ஏறுவது? வெங்காயச் சம்பவத்துக்குப் பிறகு சவாரிக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று முதுகுவலி. மிஞ்சியவர் லாடக்காரர். அவர் சவாரிக்காரரே இல்லை. லாடம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச தூரம் ஏறிப்போவார், அவ்வளவுதான். கோணி மூட்டையை ஏற்றிவைத்த மாதிரிதான் உட்காருவார்.

"நான் என்னண்ணே பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. வாரை லூசா விட்டுட்டுச் சும்மா உட்காருங்க."

"அது எனக்கு நல்லா வரும்" என்றார் லாடக்காரர்.

நிதானத்தைப் பாப்பாவின் கண்ணில் படாமல் இருக்கச் சொல்லி முதலாளியம்மா காரில் ஏற்றிக்கொண்டார். முன்னால் பாப்பா, வெகு பின்னால் கார். கேட்டைத் தாண்டும்போதே லாடக்காரருக்குப் போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவருடைய சகலை. மாமனார் வாங்கிக்கொடுத்த வாஷிங் மெஷின் யாருக்கு என்று ரொம்ப நாளாக அவர்களுக்குள் ஒரு பஞ்சாயத்து. "அது எப்படிங்க உங்களுக்கு? மூத்தவ என் வீட்டுல இருக்கா!" என்று அவர் ரோடு முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டு போனார். வார் தொங்கியது. ஒரு கால் அங்கவடி வளையத்துக்குள்ளேயே இல்லை.

பாப்பாவின் காது முதலில் விறைத்துத்தான் இருந்தது. தகரக் கடை தாண்டியது. டயர் கடை வந்தது. பக்கவாட்டில் இரண்டடி துள்ளியது. லாடக்காரர் சகலையிடம் கத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு அது தெரியக்கூட இல்லை. துள்ளியதை யாரும் கண்டுகொள்ளாததால் அது மறுபடி நடந்தது.

வளைவில் சிமெண்ட் லாரி திரும்பியது.

காருக்குள் டப் டப் என்று ஒரு சத்தம். முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். நிதானம் கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய வலது கை காரின் முன்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. தட்டுவது அவருக்கே தெரியவில்லை.

லாரி நெருங்கியது. பாப்பா கழுத்தை ஒரு தடவை தூக்கியது. எதையோ எதிர்பார்த்தது. எதிர்பார்த்தது கழுத்தில் விழவில்லை. லாரி புழுதி கிளப்பிக்கொண்டு பக்கத்தில் போயிற்று. பாப்பா ஒரு தும்மல் போட்டுவிட்டு நடந்தது. அடுத்த லாரிக்குக் கழுத்தைக்கூடத் தூக்கவில்லை. பாலத்தின்மேல், மூட்டை மாதிரி ஒரு ஆளைச் சுமந்துகொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, கிழட்டுக் குதிரையைப் போலப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளியம்மா காரை ஓரம் கட்டினார்.

"அப்ப தரகர் வேணாம்" என்றார். "லாடக்காரரையே தினமும் ஏறச் சொல்றேன். நீங்க உள்ள வேலையைப் பாருங்க. ரோட்டுக்கு இனி..." முடிக்கவில்லை.

"சரிங்கம்மா" என்றார் நிதானம். பாப்பா பிழைத்தது. அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்று புரண்டுகொண்டிருந்தது. அதை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அம்மா, செம்பட்டை இப்ப எங்க இருக்கும்?"

செம்பட்டையைப் பழக்கியதும் அவர்தான். முதலாளியம்மாவுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"தெரியல" என்றார். "தரகர்கிட்ட கேட்டா சொல்ல மாட்டார்."

"கேட்டுப் பாருங்களேன்."

"கேக்கறேன்" என்று சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன குதிரை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். கார் திரும்பியது.

பாப்பா மைதானத்திலிருந்து திரும்பி வரும்போது நிதானம் பின்கேட்டைத் திறந்துவைத்து நின்றார். வாஷிங் மெஷின் இன்னும் முடிவாகவில்லை, லாடக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி வந்தது. அதைப் பார்த்ததும் நிதானத்தின் கை எழும்பியது. பாப்பா நேராக அவரிடம்தான் வந்தது, கழுத்து அவர் கைக்கு எட்டும் தூரத்தில். நல்லா வந்தே, கண்ணு, என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இரண்டு கையாலும் கேட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் கம்பி சுட்டது. லாரி கடந்து போகும்வரை விடவில்லை. பாப்பா அவர் சட்டையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களாண்ணே, பசு மாதிரி வருது!" என்றார் லாடக்காரர் மேலேயிருந்து, போனைப் பொத்திக்கொண்டு. "இதுக்குப் போயா நீங்க இத்தனை நாள் கஷ்டப்பட்டீங்க?"

"ஆமாம்பா" என்றார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி ஜன்னலோரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் போய் நின்றார். பாப்பா பிழைத்ததைச் சொல்லவேண்டும். செம்பட்டையைச் சொல்லவேண்டும். இனி ரோட்டுக்குப் போகவேண்டாம் என்றதைச் சொல்லவேண்டும். மூன்றில் எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் நாக்கு ஒட்டிக்கொண்டது. கை எழும்பியது. எழும்பியது தெரிந்து, நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஜன்னல் கண்ணாடியில் அவளுக்கு அந்தக் கை தெரிந்திருக்கவேண்டும். தோளுக்கு ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"வைங்க" என்றாள், திரும்பாமலே. "பயந்தா பயந்துக்கிறேன். வைங்க."